கடைவீதியை வாசற்படியிலிருந்து வடிவமைத்தல்

பேரூராட்சி ஒன்றின் கடைவீதி பெரும்பாலும் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும். பேருந்து நிலையத்தில் தொடங்கிக் கோயில் வாசலிலோ சந்தைத் திடலிலோ முடியும் அந்த ஒரே தெருவை நம்பித்தான் சுற்றுவட்டாரக் கிராமங்கள் உரம், மருந்து, துணி, நகை, பத்திரப் பதிவு, வங்கி என்று எல்லாத் தேவைகளுக்கும் வருகின்றன. 2022-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. மாநகரச் சாலைகளுக்கென்று எழுதப்பட்ட திட்டங்களை அப்படியே சுருக்கி இந்தச் சிறிய ஊர்களின் தெருக்களில் பொருத்த முடியாது. சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்பது மீட்டர் அகலமுள்ள தெருவில் அதேபோல் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய ஆசை நியாயமானது; ஆனால் தொடங்க வேண்டிய இடம் வேறு.

கடைவீதி வண்டிகள் கடந்து போவதற்காக மட்டும் உள்ள பாதையாக இருந்ததில்லை. அங்கே மக்கள் நிற்கிறார்கள், விலை பேசுகிறார்கள், மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். சாலையின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வெளிப்புறமாக வரையத் தொடங்கினால், வண்டிக்கு வேண்டிய அகலம் முதலில் ஒதுக்கப்பட்டு, மிஞ்சிய குறுகிய இடம் சாக்கடை மூடிக்கும் மின்கம்பத்துக்கும் நடப்பவருக்கும் பொதுவாகிவிடுகிறது. ஆகவே கடையின் வாசற்படியில் தொடங்கி உட்புறமாக வரைந்து வர வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. செயல் அலுவலருக்கும் இளநிலைப் பொறியாளருக்கும் மட்டுமன்றி, வார்டு உறுப்பினர், வணிகர் சங்கத்தார், ஊர் நலனில் அக்கறை கொண்ட எவரும் இதைப் பின்பற்றி ஒரு முதல் வரைவை உருவாக்கிவிடலாம்.

தெரு யாருடையது

அளவு நாடாவை எடுப்பதற்கு முன் தெருவின் உரிமையை உறுதி செய்துகொள்ள வேண்டும். பல ஊர்களில் கடைவீதியே மாநில நெடுஞ்சாலையாகவோ மாவட்ட முக்கியச் சாலையாகவோ இருக்கும். அப்படியானால் தார்ப்பரப்பு நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும், பேரூராட்சி மட்டும் தீர்மானம் போட்டுச் சாலையின் அகலத்தை மாற்ற இயலாது. மின்கம்பமும் மின்மாற்றியும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெருங்குழாய் சென்றால் அது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பாக இருக்கும். இவர்கள் அனைவரையும் தொடக்கத்திலேயே ஒரே நாளில் தெருவில் நடக்க வைப்பது, பின்னால் பத்துக் கடிதங்கள் எழுதுவதைவிடப் பயனுள்ளது.

எல்லையைப் பொறுத்தவரை கண்ணால் பார்ப்பதை நம்பக் கூடாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்படமும் (நிலத்தின் அளவுகளைக் காட்டும் வரைபடம்) 'அ' பதிவேட்டு (நில உரிமைப் பதிவேடு) நகலும் பெற்று, நில அளவரைக் கொண்டு இரு முனைகளிலும் நடுவில் இரண்டு மூன்று இடங்களிலும் எல்லைக் கற்களை அடையாளம் காண வேண்டும். எட்டு மீட்டராகத் தெரியும் தெரு ஆவணத்தில் பதினொரு மீட்டராக இருக்கக்கூடும். அந்த மூன்று மீட்டரில் படிக்கட்டு, தகரப் பந்தல், சுவர் ஒட்டிய பெட்டிக்கடை எல்லாம் நிற்கும். அவற்றை ஒரே நாளில் இயந்திரம் வைத்து அகற்றுவது சட்டப்படி இயலுமா என்பதைவிட, அகற்றிய பிறகு அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது முக்கியம். காலியாக விடப்பட்ட இடத்தில் மறுமாதமே இருசக்கர வாகனங்கள் வரிசையாக நிற்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

அளவெடுத்தலும் எண்ணுதலும்

முப்பது மீட்டர் நாடா, சுண்ணாம்புத் துண்டு, கோடு போட்ட நோட்டு, மூன்று பேர் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேலையை முடித்துவிடலாம். பத்து மீட்டருக்கு ஒரு முறை தெருவின் குறுக்கே ஒரு கட்டடச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை நாடாவைப் பிடித்து, படிக்கட்டு எவ்வளவு நீண்டிருக்கிறது, சாக்கடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தார் எந்த அகலத்துக்கு இருக்கிறது, கம்பமும் மரமும் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கின்றன என்பதை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மிகக் குறுகலான இடத்தைத் தனியே வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். தெருவின் சராசரி அகலத்தை வைத்து வரைந்த திட்டம் அந்த ஓர் இடத்தில் முறிந்துவிடும் என்பதால், அங்கே பொருந்துகிற வடிவத்தையே தெரு முழுவதற்கும் முதல் அளவாகக் கொள்வது நல்லது.

அடுத்தது மட்டம். கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் லெவலே இதற்குப் போதும். தெருவின் ஒரு முனையில் அசையாத ஓர் இடத்தை, கோயில் மண்டபப் படி போன்ற ஒன்றை, அடிப்படை மட்டமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடையின் வாசற்படி மட்டத்தையும் அதற்கு நேரே உள்ள சாலையின் நடு மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு தாள் மற்ற எல்லா வரைபடங்களையும்விட மதிப்பு மிக்கது. ஏன் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

எண்ணுவதற்கு மூன்று நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஒரு சாதாரண நாள், ஒரு சந்தை நாள், ஒரு முகூர்த்த நாள். காலை எட்டரை முதல் பத்து வரையிலும் மாலை ஐந்து முதல் எட்டு வரையிலும் பதினைந்து நிமிடக் கூறுகளாகப் பிரித்து, நடப்பவர், மிதிவண்டி, இருசக்கர வாகனம், ஆட்டோ, கார், சரக்கு வண்டி, பேருந்து என்று தனித்தனியாகக் கோடு போட்டு எண்ண வேண்டும். வண்டிகளை மட்டும் எண்ணும் வழக்கம் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். கடைவீதியில் நடப்பவரையும் எண்ணிய பிறகுதான் அந்தத் தெரு யாருக்காக இருக்கிறது என்பது எண்ணிக்கையாகக் கண்முன் வரும். நிற்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. எங்கே கூட்டமாக நிற்கிறார்கள், எந்த நிழலில் நிற்கிறார்கள், சாலையை எந்த இடத்தில் குறுக்கே கடக்கிறார்கள் என்பதைப் புள்ளிகளாக வரைபடத்தில் இட வேண்டும். மக்கள் ஏற்கெனவே கடக்கும் இடத்தில் வரிக்கோடு போட்டால் பயன்படுத்துவார்கள். நாற்பது மீட்டர் தள்ளிப் போட்டால் அது வெறும் வண்ணப்பூச்சாகவே இருக்கும்.

மட்டமும் மழைநீரும்

கடைவீதி கெடுவதற்கு முதற்காரணம் சாலை மட்டம் உயர்ந்துகொண்டே போவதுதான் என்பது என் உறுதியான கருத்து. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் போடும்போது ஒவ்வொரு முறையும் நான்கைந்து சென்டிமீட்டர் ஏறுகிறது. நான்கு முறை போட்டால் ஏறத்தாழ ஒரு சாண். அதன் பிறகு மழைநீர் கடைக்குள் வருகிறது. கடைக்காரர் படியை உயர்த்துகிறார், பக்கத்துக் கடைக்காரர் அதைவிட உயர்த்துகிறார், ஒவ்வொருவரும் தெருவுக்குள் நீளும் சாய்தளம் ஒன்றைக் கட்டுகிறார்கள், அந்தச் சாய்தளங்கள் சாக்கடை மூடியை அடைத்துவிடுகின்றன. நாம் ஆக்கிரமிப்பு என்று பெயரிட்டுக் கோபிக்கும் பல படிக்கட்டுகள், இப்படித் தண்ணீரிலிருந்து தப்பிக்கக் கட்டப்பட்டவைதாம். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பினார். மதிப்பீடு தயாரிக்கும்போது அந்தச் சுரண்டும் வேலை தனி இனமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது மன்ற உறுப்பினரின் கடமை. மதிப்பீட்டில் இல்லாத வேலையை ஒப்பந்ததாரர் செய்யமாட்டார்.

புதிய மட்டத்தை முடிவு செய்யும் முறை எளியது. முன்பு எடுத்த தாளில் மிகத் தாழ்ந்த வாசற்படி எது என்று பார்த்து, சாலையின் நடு மட்டம் அதைவிட 15 சென்டிமீட்டராவது தாழ்வாக இருக்கும்படி திட்டமிட வேண்டும். தெரு முழுவதும் இது இயலாவிட்டால், ஒரே ஒரு பழைய கடைக்காகத் தெருவையே தோண்டாமல், அந்தக் கடையின் முன் தனி வடிகால் வாய் வைத்துச் சமாளிக்கலாம். தார்ச்சாலைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டரை விழுக்காடு சரிவு வேண்டும். ஆறு மீட்டர் அகலச் சாலையில் அது நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே ஏழரை சென்டிமீட்டர் வேறுபாடு. பார்வைக்குத் தெரியாத இந்த அளவைச் சவுக்குக் கம்பும் நூலும் கட்டிச் சரிபார்க்க முடியும்.

வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கால்நடையாகத் தொடர்ந்து சென்று பார்க்காமல் திட்டத்தை முடிக்கக் கூடாது. ஓடையிலோ ஏரி வரத்துக் கால்வாயிலோ ஊருணியிலோ சேரும் முனை, தெருவின் வடிகால் அடித்தளத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். 300 மீட்டர் நீள வீதியில், 300-க்கு 1 என்ற சரிவு கொடுத்தால், கடைசி முனையில் அடித்தளம் ஒரு மீட்டர் இறங்கியிருக்கும். தென்காசிப் பக்கத்து ஊர்களில் நிலமே சரிந்திருப்பதால் இது கடினமன்று. திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் சமதள ஊர்களில் அந்த ஒரு மீட்டர் கிடைக்காது. அங்கே ஒரே நீண்ட வடிகாலுக்குப் பதிலாக, இரண்டு மூன்று குறுக்குத் தெருக்கள் வழியாக நீரைப் பிரித்து வெவ்வேறு குளங்களுக்கு அனுப்ப வேண்டும். செட்டிநாட்டின் கானாடுகாத்தான் பேரூராட்சியில் நடந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது: உயர்ந்த வீட்டுத் தளம், நேர்த்தெரு, ஓரத்து வடிகால், கடைசியில் ஊருணி என்று மழைநீரின் வழியை முன்வைத்தே அங்கே தெருக்கள் அமைந்தன. ஆனால் இன்றைய கடைவீதியில் உணவக, கழிவறைக் கழிவுநீரும் அதே வடிகாலில் சேர்வதால், அதை முதலில் பிரிக்காமல் குளத்துக்குத் திருப்பிவிடுவது பெருந்தவறு.

வடிகாலை நடைபாதையின் கீழே அமைத்து, மேலே கான்கிரீட் பலகைகள் இடுவதே சிறிய தெருவுக்கு ஏற்றது. பலகை ஒவ்வொன்றும் இரண்டு ஆட்கள் தூக்கக்கூடிய எடையில் இருக்க வேண்டும்; தூக்குவதற்குக் கம்பி வளையம் பதித்து, அது காலை இடறாதபடி குழிக்குள் படிந்திருக்க வேண்டும். பதினைந்து மீட்டருக்கு ஒன்று வீதம், நீரோடு வரும் மண் படியும் மண்குழி வைத்தால் தூர் வாருவது எளிதாகும். முழு நீளத்தையும் ஒரே வார்ப்பாக மூடிவிட்ட வடிகாலை, அடைப்பு ஏற்படும்போது உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அகலத்தைப் பங்கிடுதல்

சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட நடப்போர் வசதிக்கான நெறிமுறை, நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் வணிகப் பகுதியில் 2.5 மீட்டரும் வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரும் பையைத் தூக்கி வருபவர் ஒருவரும் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் தேவைப்படுகிறது. இந்த அகலத்துக்குள் கம்பமோ கடைப் பலகையோ வந்தால் அது கணக்கில் சேராது. தலைக்கு மேல் 2.2 மீட்டர் வரை பந்தலும் கம்பியும் தாழக் கூடாது.

பன்னிரண்டு மீட்டர் தெருவை எடுத்துக்கொள்வோம். இரு ஓரங்களிலும் 2 மீட்டர் வீதம் நடைபாதைக்கு 4 மீட்டர் போகிறது. பேருந்தின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் என்பதால், மெதுவாகச் செல்லும் இருவழிப் போக்குவரத்துக்கு 6 மீட்டர் போதும். மீதமுள்ள 2 மீட்டரை ஒரே பக்கத்தில் ஒரு பட்டையாக வைத்துக்கொண்டு, அதைப் பத்துப் பத்து மீட்டராக மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஓரிடத்தில் இருசக்கர வாகனங்கள் குறுக்காக நிற்கும், அவற்றின் நீளம் பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டியே இருக்கும்; அடுத்ததில் ஒரு மரமும் மின்கம்பமும் இருக்கை ஒன்றும் வரும்; அடுத்ததில் பூக்கடையும் காய்க்கடையும். இந்தப் பட்டையைத் தெருவின் எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதைப் பிற்பகல் வெயில் முடிவு செய்யட்டும். மூன்று மணிக்கு நிழல் விழும் பக்கத்தில்தான் மக்கள் நிற்பார்கள். வெயில் அறையும் பக்கத்துக்கு மரம் வேண்டும்.

ஒன்பது மீட்டர் தெருவில் நடைபாதைக்கு 3.6 மீட்டர் ஒதுக்கினால் 5.4 மீட்டர் எஞ்சும். அதில் வண்டி நிறுத்தாமல் இருவழிப் போக்குவரத்தை நடத்தலாம், அல்லது ஒருவழியாக்கி 3.5 மீட்டரை ஓடுபாதைக்கும் 1.9 மீட்டரைப் பட்டைக்கும் தரலாம். ஒருவழியாக்குவதற்கு இணையாகச் செல்லும் மற்றொரு தெரு வேண்டும்; காவல்துறையின் இசைவும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பும் வேண்டும்; எதிரே வண்டி வராது என்ற துணிச்சலில் வேகம் கூடும் என்பதையும் எதிர்பார்த்து அதற்கான தடுப்புகளை முன்கூட்டியே வரைய வேண்டும். ஆறேழு மீட்டர் மட்டுமே உள்ள தெருவில் தனி நடைபாதை கட்ட முயல வேண்டாம். விளிம்பு இல்லாமல் தெரு முழுவதையும் ஒரே மட்டத்தில் கான்கிரீட்டோ கல்லோ பாவி, நடுவிலோ ஓரத்திலோ ஆழமற்ற நீர்வழி அமைத்து, வண்டிகள் நடப்பவரின் வேகத்தில் வரும்படி செய்வதுதான் அங்கே முறையானது.

விளிம்புக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அதற்கு மேல் உயர்ந்த நடைபாதையில் முதியவர்கள் ஏறமாட்டார்கள், தார்ப்பரப்பிலேயே நடப்பார்கள். குறுக்குச் சந்து வரும் ஒவ்வொரு முறையும் நடைபாதையை இறக்கி ஏற்றாமல், அதை அதே மட்டத்தில் தொடரவிட்டு வண்டியை மெல்ல ஏறி இறங்கச் செய்யலாம். சாய்தளம் தேவைப்படும் இடத்தில் 12-க்கு 1 என்ற சரிவை மீறக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்த பிறகு இதைக் கூடுதல் வசதியாகக் கருத இடமில்லை.

தெருவோர வியாபாரமும் சரக்கு இறக்குதலும்

நடைபாதையை அழகாக்கிய கையோடு பூக்காரம்மாவையும் கீரை விற்பவரையும் அப்புறப்படுத்தும் திட்டத்தை நான் ஏற்கமாட்டேன். அவர்கள் இருப்பதால்தான் மாலை ஏழு மணிக்கும் பெண்கள் அந்தத் தெருவில் அச்சமின்றி நடக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. அந்தச் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. ஆகவே பட்டையில் இடங்களை வரையும் நாளில் அந்தக் குழுவைத் தெருவிலேயே கூட்ட வேண்டும். ஒரு கூடை வியாபாரத்துக்கு ஒன்றரை மீட்டர் நீளம் போதும், தள்ளுவண்டிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டும். யாருக்கு எந்த இடம் என்பதை அவர்களே பேசி முடிப்பதுதான் நிலைக்கும். அருகில் ஒரு தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் இருக்க வேண்டும்.

மளிகை மண்டிக்கும் உரக்கடைக்கும் லாரி வராமல் இருக்காது. காலை ஒன்பது மணிக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பின்பும் இறக்குவதற்கு வணிகர் சங்கத்தோடு உடன்பாடு செய்துகொள்ளலாம். பகலில் வரும் சிறிய சரக்கு வண்டிக்கு 200 மீட்டருக்கு ஓர் இடம் பட்டையிலேயே ஒதுக்க வேண்டும். சுமை தூக்கும் தொழிலாளர்களிடம் எந்த வாசலில் மூட்டை அதிகம் இறங்குகிறது என்று கேட்டால் அந்த இடங்கள் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேகம், கடக்கும் இடம், தெருமுனை

2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய சாலைப் பாதுகாப்பு குறித்த உலக அமைச்சர்கள் மாநாடு, நடப்போரும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரை உச்ச வேகமாக வைக்க வேண்டும் என்று அறிவித்தது. ஒரே வண்டி 30-லிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மாறினால் அதன் மோதல் ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அறிவிப்புப் பலகையால் மட்டும் இந்த வேகம் குறையாது. தெருவின் வடிவம் ஓட்டுநரைக் குறைக்க வைக்க வேண்டும்.

பள்ளி, பேருந்து நிலையம், கோயில், மருத்துவமனை வாசல்களில், நடைபாதையின் மட்டத்துக்கே சாலையை உயர்த்தி மேடைக் கடப்பிடம் அமைப்பது மிகச் சிறந்த வழி. நடப்பவர் இறங்காமல் கடக்கிறார், வண்டி ஏறி இறங்குகிறது. இதன் ஓரங்களில் மழைநீர் தேங்காதபடி குழாய் விட மறக்கக் கூடாது. வேகத்தடை மட்டும் போதும் என்ற இடத்தில் இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவைப் பின்பற்ற வேண்டும்: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மென்மையான வளைவு. அதைக் கடக்கும் வண்டி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடும். ஒரு முழம் அகலத்தில் திடீரென்று எழும்பும் மேடுகள் கர்ப்பிணியையும் ஆம்புலன்ஸையும் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்திருப்பவரையும்தான் வருத்துகின்றன. வெள்ளைப் பட்டையும் முன்னறிவிப்புப் பலகையும் இரவில் தெரியும் விளக்கும் இல்லாத வேகத்தடையைக் கட்டாமல் இருப்பதே மேல். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவில் இந்த இடங்களை முன்வைத்து ஒப்புதல் பெறலாம்.

தெருமுனை அகன்று வளைந்திருந்தால் வண்டிகள் வேகம் குறைக்காமல் திரும்பும். பேருந்து திரும்பாத முனைகளில் விளிம்பின் ஆரத்தை மூன்று மீட்டருக்குச் சுருக்கிவிடலாம். அதனால் கடக்க வேண்டிய தூரமும் குறையும்.

தேரோடும் வீதி

கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதியே கடைவீதியாக இருக்கும் ஊர்களில், திருக்குறுங்குடியையும் ஆழ்வார்திருநகரியையும் போன்ற பேரூராட்சிகளில், ஆண்டில் ஒரு நாள் வரும் தேரே தெருவின் அளவுகோல். தேரின் அடி அகலம், அலங்கரித்த பின் உள்ள உயரம், முனையில் திரும்ப வேண்டிய இடம், வடம் பிடிப்பவர்கள் நிற்கும் நீளம் ஆகியவற்றைக் கோயில் நிர்வாகத்திடமும் தேருக்கு முட்டுக்கட்டை போடும் குடும்பத்தாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சக்கரம் செல்லும் தடத்தில் பேவர் பிளாக் பதித்தால் அமுங்கிப் பிளந்துவிடும், அங்கே கம்பி கட்டிய கான்கிரீட் வேண்டும். தடுப்புக் குத்துக்கல் வைப்பதானால் கழற்றி எடுக்கும் வகையில் இருக்க வேண்டும். மரக்கிளை தேரின் வழியில் வரக் கூடாது. சாலை மட்டம் ஏறினால் மின்கம்பிக்கும் தேரின் கலசத்துக்கும் உள்ள இடைவெளி அதே அளவுக்குக் குறைகிறது என்பதை ஒவ்வொரு முறை தார் போடும்போதும் கணக்கிட வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். கடைவீதித் திட்டத்திலேயே ரத வீதிக்குப் புதைவடக் கம்பியைக் கேட்டுப் பெறுவது செலவு மிகுந்தது என்றாலும், நான் வேறெதையும் விட்டுக்கொடுத்து இதைக் கேட்பேன்.

சுண்ணாம்புக் கோட்டில் ஒத்திகை

காகிதத்தில் முடிந்த வரைவைக் கான்கிரீட்டாக்கும் முன் ஒரு வாரம் தெருவிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும். விளையாட்டுத் திடலில் கோடு போடும் சுண்ணாம்புத் தூளால் நடைபாதை விளிம்பையும் பட்டையையும் வரைந்து, மணல் மூட்டைகளும் சவுக்குக் கம்புகளும் கயிறும் கொண்டு எல்லை கட்டினால் போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு நாள் தார் வேலைக்கும் குறைவு. அந்த வாரத்தில் ஒரு சந்தை நாளாவது வர வேண்டும். நகரப் பேருந்தையும் தீயணைப்பு வண்டியையும் நெல் லாரியையும் ஒவ்வொரு முனையிலும் திருப்பச் சொல்லி, பின்சக்கரம் பதிந்த தடத்தைச் சுண்ணாம்பின்மேல் பார்த்து விளிம்பை நகர்த்த வேண்டும். ஓட்டுநர்கள் சொல்லும் திருத்தங்கள் மிகத் துல்லியமாக இருக்கும். அவர்களுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து நின்று பேசுவது திட்டத்தின் ஒரு பகுதி.

முதல் இரண்டு நாட்கள் கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று அஞ்சுவார்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. வாசல் முன்னால் வண்டி நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று சொல்பவரிடம், அவர் கடை முன் நிற்கும் வண்டிகளில் எத்தனை கடைக்காரர்களுடையவை, எத்தனை ஊழியர்களுடையவை என்று அவரோடு சேர்ந்தே ஒரு மாலையில் எண்ணிப் பார்க்கலாம். காலையில் வந்து இரவுவரை நிற்கும் வண்டிகளுக்குச் சந்தைத் திடலிலோ பின் தெருவிலோ இடம் கண்டுவிட்டால், வாசல் முன்னிடம் வருகிறவர்களுக்குக் கிடைக்கும். அதே வாரத்தில் கிராமத்திலிருந்து வரும் பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். கழிப்பறை எங்கே, உட்கார இடம் எங்கே, கடைசிப் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்பவையே அவர்களிடமிருந்து வரும் கேள்விகளாக இருக்கும். திட்டத்தில் இவை இல்லையென்றால் சேர்க்க வேண்டும்.

வேலை நடக்கும் மாதங்கள்

வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்கி வைகாசிக்குள் முடிக்கத் திட்டமிட வேண்டும். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வணிகர்களின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும் மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஊர்த் திருவிழா இடையில் வந்தால் அதற்கு முன் ஒரு பகுதியை முழுமையாக முடித்துவிட வேண்டும். தெருவை நூறு மீட்டர் கூறுகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் தோண்டி, ஒவ்வொரு கடைக்கும் பலகைப் பாலம் போட்டுத் தருவதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

தரைக்கு அடியில் உள்ளவை முதலில் முடிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடைவீதியில் புதிய நடைபாதை போட்டு எட்டு மாதம் முடிவதற்குள் குடிநீர் இணைப்புக்காக அதைத் தோண்டினார்கள். கற்கள் திரும்பச் சரியாகப் பதியவே இல்லை, மழையில் அங்கே வழுக்கி விழுந்தவர்களை நான் தூக்கிவிட்டிருக்கிறேன். பழைய குடிநீர்க் குழாயை மாற்றுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, ஐம்பது மீட்டருக்கு ஒன்று வீதம் சாலைக்குக் குறுக்கே வெற்றுப் பிவிசி குழாய்களைப் புதைத்து இரு முனைகளையும் மூடி வைத்தால், பின்னால் வரும் கம்பிவடமும் இணைப்பும் அவற்றின் வழியே போய்விடும். அவை இருக்கும் இடத்தை விளிம்புக்கல்லில் பொறித்துவிட வேண்டும், வரைபடம் தொலைந்தாலும் கல் இருக்கும்.

கான்கிரீட் போட்ட பின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி இரண்டு வாரமாவது ஆற்ற வேண்டும். கடை திறக்கும் அவசரத்தில் நான்காம் நாளே வண்டி ஏற்றினால் மேற்பரப்பு தூசியாகப் பெயரும். மரம் நடுவதற்குப் புங்கன், மகிழம், பூவரசு, வேம்பு ஆகியவை ஏற்றவை. தூங்குமூஞ்சி பெருந்தெருவுக்கு உரியது. ஒன்றேகால் மீட்டர் சதுரத்துக்குக் குறையாத குழி விட்டு, அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல் இருக்க வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு நீர் ஊற்றும் பொறுப்பை எதிரே உள்ள கடைக்காரரின் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வடிகால் தூர் வாருவதைப் புரட்டாசியில் முடித்துவிட வேண்டும். பதித்த கல்லில் நூற்றுக்கு ஐந்து வீதம் கூடுதலாக வாங்கிப் பேரூராட்சிக் கிடங்கில் வைத்தால், உடைந்த இடத்தில் வேறு நிறக் கல்லோ சிமெண்ட் ஒட்டோ வராது. முதல் பெருமழை பெய்யும் நாளில் இளநிலைப் பொறியாளரும் வணிகர் சங்கத்தில் ஒருவரும் குடையோடு தெரு முழுவதும் நடந்து, நீர் தேங்கிய ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் குறித்து, தேதி தெரியும்படி படமெடுத்து, ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும்.